தகடு எங்கே?

ஆணி புடுங்குவதை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, ஆபீஸ் சீலிங்கை நிமிர்ந்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாகச் சின்னதாக ஒரு உலோகப் பூ தொங்கிக்கொண்டிருக்கும். நடுவில் சிவப்புத் திரவம் அடைத்த குட்டிக் கண்ணாடிக் குப்பி. அதுதான் ஸ்பிரிங்ளர். கீழே தீப்பிடித்து, குப்பியின் சூடு 68 டிகிரி செல்சியஸை எட்டினால் குப்பி வெடிக்கும், தண்ணீர் கொட்டும். சினிமாவில் காட்டுகிற மாதிரி ஒண்ணு உடைஞ்சா எல்லாம் சேர்ந்து கொட்டாது. சூடு பட்ட தலை மட்டும்தான் திறக்கும். ஹாலிவுட் டைரக்டர்களுக்கு இதை இன்னும் யாரும் சொல்லலை போலிருக்கு :-)

பதிவு அந்தப் பூவைப் பற்றி இல்லை. அந்தப் பூக்களுக்கெல்லாம் தண்ணீர் ஏறுகிற பெரிய செங்குத்துக் குழாய் ஒன்று அடித்தளத்திலோ படிக்கட்டு ஓரத்திலோ இருக்கும். ரைசர் என்பார்கள். அதன் வால்வுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு ஒரு தகடு தொங்க வேண்டும். (தகடு என்றதும் சத்யராஜ் ஞாபகம் வந்தால் நீங்க நம்ம கட்சி.) அந்தத் தகடு ஏன் வந்தது, அது தொலைந்தால் என்ன தொலைகிறது, திரும்ப மாட்டுவது ஏன் அவ்வளவு லேசில்லை - இதுதான் இன்றைய மேட்டர்.

பொட்டி தட்டுறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் ஆபீஸில் என்னை ஃபயர் வார்டன் ஆக்கிவிட்டார்கள். தேர்ந்தெடுத்த அன்றைக்கு மீட்டிங்குக்கு வராத ஒரே ஆள் நான்தான். அந்தக் கடுப்பில் படிக்க ஆரம்பித்தது, விடாமல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கதை முழுக்க அமெரிக்காவில் நடக்கிறது. ஏனென்றால் இந்த விதிகளும் தகடும் அங்கே பிறந்தவை.

முதலில் தகட்டில் என்ன இருக்கும்? கட்டிடத்தின் எந்தப் பகுதிக்கான கணக்கு, அங்கே என்ன வகைப் புழக்கம், சதுர அடிக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை சதுர அடிக்கு, ரைசரின் அடியில் எவ்வளவு தண்ணீர் என்ன அழுத்தத்தில் வர வேண்டும், தீயணைப்பு ஹோஸுக்கு எவ்வளவு ஒதுக்கீடு, போட்ட கான்ட்ராக்டர் பெயர். கோடவுனாக இருந்தால் என்ன சரக்கு, எத்தனை அடி உயரம் வரை அடுக்கலாம் என்பதும்.

வெறும் எண்களாகச் சொன்னால் உறைக்காது. ஓரளவு சரக்கு வைத்திருக்கிற சாதாரணக் கடைக்கு, பல வருடங்களாகப் புழங்கிவந்த கணக்கு இது: சதுர அடிக்கு நிமிஷத்துக்கு 0.20 கேலன், 1500 சதுர அடிக்கு. 1500 சதுர அடி என்றால் அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் நிமிஷத்துக்கு 300 கேலன், அதாவது சுமார் 1136 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி பத்தரை நிமிஷத்தில் காலி. மழைக் கணக்கில் சொன்னால் நிமிஷத்துக்கு 8 மில்லிமீட்டர், மணிக்கு 49 சென்டிமீட்டர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் கொட்டியதே, ஊரையே முக்கியெடுத்த அந்த மழை, அது 24 மணி நேரத்தில் பெய்த 49 சென்டிமீட்டர். அதை ஒரே மணி நேரத்தில் ஒரு கடைக்குள் பெய்ய வைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது அந்தத் தகடு.

இனி ஃப்ளாஷ்பேக்.

நியூ இங்கிலாந்துப் பக்கம் பஞ்சாலைகள் பற்றி எரிந்துகொண்டே இருந்த காலம். 1835-ல் ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஆலை முதலாளி ஸக்கரியா ஆலன், "என் ஆலையைத் தீப்பிடிக்காத மாதிரி மாற்றிவிட்டேன், பிரீமியத்தைக் குறையுங்கள்" என்று கேட்க, இன்ஷூரன்ஸ்காரர்கள் முடியாது என்றார்கள். மனுஷன் மற்ற ஆலைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒரு பரஸ்பர இன்ஷூரன்ஸையே ஆரம்பித்துவிட்டார். தீயணைப்பு சமாச்சாரத்தில் அரசாங்கத்தை விட இன்ஷூரன்ஸ்காரர்கள் ஏன் முன்னால் நின்றார்கள் என்பதற்கு இதுவே போதும். அவர்கள் காசுதான் எரிந்தது.

முதலில் சீலிங்கில் ஓட்டை போட்ட குழாய்கள். தீ தெரிந்தால் யாராவது ஓடிப்போய் வால்வைத் திறக்க வேண்டும், மொத்த மாடியும் நனையும். 1872-ல் ஃபிலிப் பிராட் தானாகத் திறக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1874-ல் நியூ ஹேவனில் பியானோ தொழிற்சாலை வைத்திருந்த ஹென்றி பார்மலி, தன் பியானோக்களைக் காப்பாற்ற தானியங்கித் தலை ஒன்றைச் செய்தார். பிராவிடன்ஸ் நகரத்து ஃபிரெடரிக் கிரின்னெல் அதை வாங்கி, மேம்படுத்தி, 1880-களில் விற்றுத் தள்ளினார். இதுவரை நல்ல கதைதான்.

சிக்கல் குழாயில் வந்தது. தலை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதற்குத் தண்ணீர் வர வேண்டுமே? எந்த அளவுக் குழாயில் எத்தனை தலை மாட்டலாம்? ஆளுக்கொரு விதி. 1895-ல் பாஸ்டனில் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. கிரின்னெல், நீரியல் நிபுணர் ஜான் ஃப்ரீமன், இன்ஷூரன்ஸ் தரப்பில் கிராஸ்பி அப்பாவும் மகனும். பாஸ்டனைச் சுற்றி நூறு மைலுக்குள் மட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத ஒன்பது விதிமுறைகள் புழக்கத்தில் இருந்தன. பிளம்பர் ஒரு ஊரில் கற்றுக்கொண்டது பக்கத்து ஊரில் தப்பு. அந்தக் கூட்டத்தின் விளைவுதான் 1896-ல் உருவான என்.எஃப்.பி.ஏ. - தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம். அவர்கள் எழுதிய முதல் விதிமுறையே ஸ்பிரிங்ளருக்குத்தான்.

அந்த விதிகளின் உயிர்நாடி ஒரு அட்டவணை. காலப்போக்கில் எண்கள் மாறின, ஆனால் வடிவம் அப்படியே நின்றது. நடுத்தர ஆபத்துக் கட்டிடங்களுக்குப் பின்னாளில் நிலைத்த கணக்கு இது: 1 அங்குலக் குழாய்க்கு 2 தலை, ஒண்ணேகாலுக்கு 3, ஒன்றரைக்கு 5, 2 அங்குலத்துக்கு 10, இரண்டரைக்கு 20, 3 அங்குலத்துக்கு 40, 4 அங்குலத்துக்கு 100. வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொள்ளலாம். பைப் ஷெட்யூல் என்று பெயர்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கட்டிடமே அங்கே ஆவணம். காகிதம் எரிந்து போகட்டும், கான்ட்ராக்டர் செத்துப் போகட்டும், நூறு வருஷம் கழித்து ஒருத்தன் வந்து குழாயை அளந்து தலைகளை எண்ணினால், விதிப்படி போட்டதா இல்லையா என்று சொல்லிவிடலாம். கண்ணும் டேப்பும் போதும்.

ஆனால் அட்டவணைக்குக் கண் தெரியாது. ஊர்க் குழாயில் அழுத்தம் எவ்வளவு, கட்டிடம் எவ்வளவு உயரம், கடைசித் தலை எவ்வளவு தூரம் என்று எதையும் அது கேட்பதில்லை. கணக்குப் போட வழி இல்லாமல் இல்லை. ஆலன் ஹேஸனும் கார்ட்னர் வில்லியம்ஸும், குழாய்க்குள் உராய்வால் எவ்வளவு அழுத்தம் குறையும் என்ற சூத்திரத்தை 1905-லேயே அட்டவணைகளோடு புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். ஆனால் அதில் 1.85 அடுக்கு வருகிறது. நூற்றுக்கணக்கான குழாய்த் துண்டுகளுக்கு ஸ்லைடு ரூலை வைத்துக்கொண்டு 1.85 அடுக்குப் போட எவன் உட்காருவான்? அட்டவணை அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு காரணம் என்பது என் துணிபு.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நிலைமை மாறியது. 1953-ல் புது வகைத் தலை விதிப்புத்தகத்தில் ஏறியது. பழைய தலை தண்ணீரில் ஒரு பெரும் பகுதியை சீலிங்கை நோக்கி அடிக்கும். புதியது குடை மாதிரி கீழே விரிக்கும். கோடவுன்கள் உயரமாயின, பிளாஸ்டிக் வந்தது, கம்ப்யூட்டரும் வந்தது. "இந்தச் சரக்குக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டும்" என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் குழாயைக் கணக்கிடுவது வழக்கமாயிற்று. 1991 பதிப்பில் புதிய கட்டிடங்களுக்கு அட்டவணை முறையைச் சில சின்ன விதிவிலக்குகளோடு ஓரங்கட்டியே விட்டார்கள்.

கணக்கு முறை எல்லா விதத்திலும் மேல். குழாய் மிச்சம், காசு மிச்சம், நம்பகம் அதிகம். ஆனால் ஒன்று கைநழுவிப் போனது. ஒரே 2 அங்குலக் குழாய் இங்கே எட்டுத் தலைக்கும் போகலாம், பதினாறு தலைக்கும் போகலாம், இரண்டுமே சரியாக இருக்கலாம். குழாயைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நம் பாஷையில் சொன்னால் எக்ஸிக்யூட்டபிள் மட்டும்தான் சுவரில் இருக்கிறது, சோர்ஸ் கோடு யாரோ ஒருத்தர் அலமாரியில். அந்த சோர்ஸிலிருந்து நாலு வரியைக் கட்டிடத்திலேயே தொங்க விடுவதற்குத்தான் தகடு.

அந்த நாலு வரி ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு தீ விபத்துகள்.

1982 ஜூன் 21. பென்சில்வேனியாவில் ஃபால்ஸ் டவுன்ஷிப் என்ற இடம். கேமார்ட் நிறுவனத்தின் கிடங்கு, சுமார் 12 லட்சம் சதுர அடி. ஸ்பிரிங்ளர் உண்டு, உள்ளே தீத்தடுப்புச் சுவர்களும் உண்டு. கார்புரேட்டர் துடைக்கும் ஸ்பிரே டப்பாக்கள் இருந்த பெட்டி ஒன்று விழுந்து தீப்பிடித்தது. டப்பாக்கள் வெடித்து, நெருப்பு வாலோடு ராக்கெட் மாதிரி பறந்து, போன இடத்திலெல்லாம் புதிய தீயை வைத்தன. ஸ்பிரிங்ளர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கிடங்கு மொத்தமும் போனது. அதே அட்டைப்பெட்டி, அதே அடுக்கு. உள்ளே இருந்த சரக்கு மட்டும் வேறு ரகம். எந்தச் சரக்கை நினைத்து எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்தார்கள் என்பது சும்மா ஃபைலில் தூங்குகிற தகவல் இல்லை என்பதை அந்தச் சாம்பல் காட்டியது.

1991 பிப்ரவரி 23, ஃபிலடெல்ஃபியா. 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா. 22-வது மாடியில், லின்சீட் எண்ணெய் துடைத்துப் போட்ட துணிகள் தானாகச் சூடாகிப் பற்றிக்கொண்டன. மின்சாரம் போனது, லிஃப்ட் போனது. வீரர்கள் படியேறிப் போய் மாடிக் குழாயில் ஹோஸை மாட்டினால், தண்ணீர் சிணுங்கிக்கொண்டு வருகிறது. பெரும்பாலான மாடிகளில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு இருந்தது. அவர்கள் கையிலிருந்த நாஸிலுக்கு 100 பி.எஸ்.ஐ. வேண்டும். வால்வுகள் 60-ஐக் கூட எட்டாத அளவுக்குத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தன. அதைத் திருப்பத் தனிக் கருவி வேண்டும், எவ்வளவு திருப்புவது என்று தெரிந்த ஆளும் வேண்டும். நள்ளிரவில், புகைக்குள், யாருக்கு என்ன தெரியும்? தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் 28-வது மாடியில் காற்று தீர்ந்து இறந்தார்கள். காலையில் கட்டிடம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாரையும் வெளியே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

எட்டு மாடிகளைத் தின்ற தீ, 30-வது மாடியில் நின்றது. அந்த மாடியில் ஸ்பிரிங்ளர் போட்டிருந்தார்கள். திறந்தது பத்தே பத்து தலைகள், தீயணைப்பு வண்டிகள் கீழிருந்து தள்ளிய தண்ணீரில்.

நான் இதை எத்தனை தடவை படித்தாலும் நின்றுவிடுகிற இடம் இது. அத்தனை மணி நேரம் அத்தனை பேரால் முடியாததைப் பத்து தலைகள் செய்தன. தலைகளுக்குப் போதுமான தண்ணீர் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று பேர் செத்த மாடிகளில் வால்வுக்குள் இருந்த ஒரு எண் தப்பு, அது தப்பென்று பார்த்தால் தெரியாது. (1993-ல் மாடிக் குழாய்களுக்கான விதியில், உச்சியில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தத்தை 65-லிருந்து 100 பி.எஸ்.ஐ. ஆக உயர்த்தினார்கள்.)

போட்டுவிட்ட சிஸ்டத்தைக் காலாகாலத்துக்குச் சோதிப்பதற்கென்றே என்.எஃப்.பி.ஏ. 25 என்ற விதிமுறை 1992-ல் முதல் தடவையாக வந்தது. இப்போது அதில் தகட்டுக்கும் ஒரு இடம் உண்டு. சோதனைக்கு வருகிறவர் தகடு இருக்கிறதா, படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். காணோம் என்றாலோ அழிந்திருந்தாலோ மாற்றியாக வேண்டும். பொறுப்பு கட்டிட உரிமையாளருடையது.

தகடு எப்படித் தொலைகிறது? பெரிய சதி எல்லாம் இல்லை. ரைசருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் கழற்றி வைப்பார், மாட்ட மறப்பார். அல்லது கழற்றாமல் தகட்டின் மேலேயே அடித்துவிடுவார். கம்பி துருப்பிடித்து அறும். மார்க்கரில் எழுதியது மங்கிப் போகும். வால்வை மாற்றும்போது பழைய வால்வோடு காயலான் கடைக்குப் போகும். கட்டிடம் இரண்டு கை மாறினால் இதை யாரும் கேட்பதும் இல்லை.

இப்போது உங்களிடம் வெற்றுத் தகடு ஒன்றைக் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவீர்கள்?

நல்ல வழி, மூலக் கணக்கைத் தேடுவது. போட்ட கான்ட்ராக்டர், அனுமதி கொடுத்த உள்ளூர் அலுவலகம், இன்ஷூரன்ஸ் கம்பெனி, கட்டிடக் கலைஞர் என்று எங்கேயாவது ஒரு பிரதி தூங்கிக்கொண்டிருக்கலாம். கிடைத்தால் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய். ஆனாலும் கணக்குப் போட்ட நாளுக்குப் பிறகு கட்டிடத்தில் என்ன மாற்றினார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

கிடைக்கவில்லை என்றால் ரிவர்ஸ் இன்ஜினியரிங். சீலிங்கைத் திறந்து குழாய் குழாயாக அளந்து, தலைகளின் வகையைக் குறித்து, படம் போட்டு, தெரு ஹைட்ரன்டில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று சோதித்து, மறுபடி கணக்குப் போட வேண்டும். இதில் உள்குத்து நிறைய. 4 அங்குலக் குழாயில் ஷெட்யூல் 40, ஷெட்யூல் 10 என்று இரண்டு தடிமன் உண்டு. வெளி விட்டம் இரண்டுக்கும் ஒன்றே. உள் விட்டம் ஒன்றுக்கு 4.026 அங்குலம், இன்னொன்றுக்கு 4.260. கால் அங்குலம் கூட இல்லையே என்று தோன்றும். சூத்திரத்தில் விட்டத்துக்கு 4.87 அடுக்கு. அதனால் மெல்லிய குழாயில் உராய்வு இழப்பு கால் பங்கு குறைவு. வெளியே டேப் வைத்துப் பார்த்தவர் ரகத்தை மாற்றி ஊகித்தால், அந்தக் குழாயின் கணக்கே தப்பாகும். பழைய குழாய்க்குள் துரு எவ்வளவு என்பது தனிக்கதை.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கிடைப்பது "இந்தக் குழாய்கள் இன்று எவ்வளவு தரும்" என்ற பதில்தான். தகடு சொன்னது வேறு: "எதற்காகப் போட்டோம்". இந்த இரண்டாவது கேள்விக்குக் குழாய் பதில் சொல்லாது. பீங்கான் ஓடு அடுக்க வடிவமைத்த கோடவுனில் இன்று பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருந்தால், புதிதாக உட்கார்ந்து, இன்றைய சரக்குக்கு இந்தத் தண்ணீர் போதுமா என்று முடிவு செய்ய வேண்டும். போதாது என்று வந்தால் செலவு தகட்டோடு நிற்காது.

இங்கேதான் சபலம் வரும். "ஆபீஸ் கட்டிடம்தானே, வழக்கமான எண்ணைப் போட்டு மாட்டிடு, இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சிடும்." என்னைக் கேட்டால் தகடு இல்லாததை விட இது மோசம். தகடு இல்லாவிட்டால் அடுத்து வருகிறவன் கேள்வியாவது கேட்பான். பளபளவென்று பொய்த் தகடு தொங்கினால், இருபது வருஷம் கழித்து ஒரு இன்ஜினியர் அதை நம்பி இன்னும் பத்து தலைகளைச் சேர்ப்பார், கோடவுன்காரர் இன்னும் நாலு அடி உயர்த்தி அடுக்குவார்.

2007 பதிப்பில் இன்னொரு தகட்டையும் சேர்த்தார்கள், பொதுத் தகவல் பலகை என்று. உயரமாகச் சரக்கு அடுக்குகிறார்களா, வடிகால் வால்வுகள் எங்கே, முதல் நாள் சோதனையில் எவ்வளவு அழுத்தம் இருந்தது என்ற விவரங்கள் அதில். மறதி எவ்வளவு வேகமாக வரும் என்று அனுபவத்தில் கண்டுகொண்டிருப்பார்கள் போல.

கணக்கே போடாத பழைய அட்டவணைக் கட்டிடங்கள் இன்னும் ஏராளம். அவற்றில் எழுத எண்கள் கிடையாது. அதற்காகச் சும்மா விட்டுவிடவில்லை, அவற்றுக்கும் ஒரு தகடு வேண்டும் என்கிறது விதி. அதில் எழுத வேண்டியது மூன்றே வார்த்தை: "பைப் ஷெட்யூல் சிஸ்டம்". அடுத்து வருகிறவர் தொலைந்துபோன கணக்கைத் தேடி அலைய வேண்டாம். நேராகக் குழாயை அளந்து தலைகளை எண்ண ஆரம்பிக்கலாம்.

டிஸ்கி: நான் ஃபயர் இன்ஜினியர் கிடையாது. உங்கள் கட்டிடத்தில் தகடு காணோம் என்றால் கணக்குப் போடத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், என்னைக் கூப்பிட்டால் பதிவுதான் போடுவேன். ரைசர் பக்கம் போகிறவர்கள், தகடு தொங்குகிறதா என்று பார்த்துப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள் மக்களே. வால்வை மட்டும் தொட்டுடாதீங்க :-)